கோழிக்கோட்டுச் சாத்தானும் ஒரு காண்டாமிருகமும்: கேம் புத்தகங்களில் பழைய ஓவியங்கள்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை கெடாத அளவுக்கு லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல, நான் மட்டும்தான். பேசப் போறது டேபிள்டாப் ரோல்ப்ளேயிங் கேம் புத்தகங்கள்ல பழைய ஓவியங்களை எடுத்துப் போடுறது பத்தி. கேட்கும்போது ரொம்பச் சின்ன விஷயமாத் தெரியும். போன மாசம் வரைக்கும் எனக்கும் அப்படித்தான் இருந்தது.

போன மாசம் என்ன நடந்ததுன்னு முதல்ல சொல்லிடுறேன். ரெண்டு வருஷமா சனிக்கிழமை ராத்திரி நாங்க அஞ்சு பேர் என் ஃப்ளாட்ல விளையாடுறோம். அதுக்காக நான் எழுதின ஒரு நிலவறை சாகசத்தை 32 பக்கத்துல ஒரு குட்டிப் புத்தகமா போடணும்னு ஆசை. எழுத்து ரெடி, வரைபடம் ரெடி, படம் வரையச் சொல்லத்தான் காசு இல்ல. அதனால மியூசியம் வெப்சைட்டுகள்ல இலவசமாக் கிடைக்கிற பழைய ஓவியங்களைத் தேட ஆரம்பிச்சேன். ஒரு நாள் ராத்திரி ஒரு மணிக்கு ஒண்ணு மாட்டுச்சு. பழைய மரச்செதுக்கு அச்சு. கொம்பு வெச்ச ஒரு சாத்தான் உட்கார்ந்திருக்கான், தலையில அடுக்குக் கிரீடம், மனுஷங்களைப் பிடிச்சுத் தின்னுட்டு இருக்கான். ஏழாவது அறைக்கு இதுதான்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். சனிக்கிழமை பெரிய தாள்ல பிரிண்ட் எடுத்து மேஜையில வெச்சு, "கதவைத் திறக்குறீங்க, எதிர்ல இதுதான் இருக்கு"ன்னு சொன்னேன். நல்லா வேலை செஞ்சுது. ஒருத்தன் உடனே வாளை உருவினான்.

எங்க குழுவுல ஒரு பொண்ணு கோழிக்கோட்டுக்காரி. எந்தப் படத்தைப் பார்த்தாலும் அது எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு உண்டு. ரெண்டு நிமிஷம் போன்ல தட்டினா, அப்புறம் போனை என் பக்கம் திருப்பினா. கோழிக்கோட்டின் விக்கிரகம்னு தலைப்பு போட்டிருந்தது. "டேய், இது எங்க ஊருடா. எங்க ஊர் சாமியைத்தான் இப்ப வெட்டப் போறோமா?"

அன்னைக்கு ஆட்டம் அதோட நின்னுடுச்சு.

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்காக ஒரு நிமிஷம். கேம் மாஸ்டர்னு ஒருத்தர் கதைச் சூழலைச் சொல்லுவார், மத்தவங்க ஆளுக்கொரு கதாபாத்திரமா இருந்து "நான் இதைச் செய்யறேன்"னு சொல்லுவாங்க, நடக்குதா இல்லையான்னு பகடை சொல்லும். பெரும்பாலும் எல்லாமே பேச்சுதான். அஞ்சு பேர் மனசுல அஞ்சு விதமா ஒரு அறை ஓடிட்டு இருக்கும். நடுவுல ஒரு படத்தை வெச்சா, அந்த நேரத்துல எல்லாரும் சேர்ந்து பார்க்கிற ஒரே பொருள் அதுதான். அதனால இந்தப் புத்தகங்கள்ல படம்ங்கிறது வெறும் அலங்காரம் இல்ல. இந்த அறையில என்ன இருக்குன்னு படம்தான் தீர்ப்பு சொல்லுது.

இதுக்கு ஒரு பழைய உதாரணம், 1978ல கேரி கைகாக்ஸ் எழுதி டிஎஸ்ஆர் நிறுவனம் போட்ட 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. அதோட ஆட்டக்காரங்களுக்குக் காட்டுறதுக்காகவே தனியா ஒரு படப் புத்தகம் வந்தது. அதுல ரொம்பப் பிரபலமானது சுவர்ல செதுக்கின ஒரு பூதமுகம். வாயை அகலமாத் திறந்திருக்கும், உள்ளே ஒரே இருட்டு. ஆட்டக்காரங்க அதைப் பார்த்துட்டு "ஓ, இது ஒரு வழி போல"ன்னு உள்ளே நுழைவாங்க. நுழைஞ்சவன் திரும்ப மாட்டான், தடயம்கூட மிஞ்சாது. படத்துல வெறும் கறுப்பு மை. அந்த மையை வாசல்னு வாசிச்சவன் செத்தான், சந்தேகப்பட்டவன் பிழைச்சான்.

படத்துக்கு இவ்வளவு வேலை இருந்தும் ஏன் பழசை எடுக்கிறாங்கன்னா, காசுதான் காரணம். தனி ஆளா புத்தகம் போடுறவருக்கு 20 படம் வரையச் சொன்னா, புத்தகம் வித்து வர்ற மொத்தப் பணமும் அதுலயே போயிடும். இந்த நெருக்கடி இன்னைக்கு வந்தது இல்ல. 1974ல வந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பெட்டி வெறும் 1,000 பிரதி. பின்னங்கால்ல நிக்கிற குதிரை மேல ஒரு வீரன் உட்கார்ந்திருக்கிற அதோட அட்டைப் படம், 1968ல வந்த 'ஸ்ட்ரேஞ்ச் டேல்ஸ்' காமிக்ஸ் 167ஆம் இதழ்ல இருந்து டிரேஸ் எடுத்தது. இந்த மொத்தத் துறையும் அடுத்தவங்க படத்தை வெச்சுத்தான் கடை திறந்ததுன்னு சொல்லலாம். இன்னைக்கு யாராவது அப்படிச் செஞ்சா ஒரே நாள்ல பிடிச்சுடுவாங்க.

இன்னைக்கு அப்படிச் செய்யவும் வேண்டாம், ஏன்னா பப்ளிக் டொமைன்ல கொட்டிக் கிடக்கு. பதிப்புரிமைக் காலம் முடிஞ்சு, யார் வேணாலும் எடுத்துக்கலாம்ங்கிற நிலைமைக்கு வந்த படைப்புகள். நம்ம ஊர்ல அரசு பணம் கொடுத்து நூல்களை நாட்டுடைமை ஆக்குதே, அது வேற கணக்கு. இது காலம் போனா தானா நடக்கிறது. இந்தியாவுல பொதுவா படைப்பாளி இறந்து 60 வருஷம், ஐரோப்பாவுல 70, அமெரிக்காவுல பழைய வெளியீடுகளுக்கு வெளிவந்த வருஷத்துல இருந்து 95. அது மட்டும் போதாது, நல்ல ஸ்கேனும் கிடைக்கணும். அங்கதான் மியூசியங்கள் கதவைத் திறந்து விட்டாங்க. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம் 2012ல, பிரிட்டிஷ் நூலகம் 2013ல பழைய புத்தகங்கள்ல இருந்து பத்து லட்சம் படம், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2017ல சுமார் 3,75,000 படம், ஸ்மித்சோனியன் 2020ல. அதுக்கும் முன்னாடி, 1999லயே நியூயார்க் நீதிமன்றம் ஒண்ணு, பழைய ஓவியத்தை அச்சு அசலா ஃபோட்டோ எடுத்தா அந்த ஃபோட்டோவுக்குப் புதுசா பதிப்புரிமை வராதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

சரி, இலவசமாக் கிடைச்சாச்சு. எப்படிப் போடுறது? நான் பண்ணின தப்புல இருந்தே சொல்றேன்.

முதல்ல அறையை எழுதிட்டு அதுக்குப் பொருத்தமான படம் தேடினேன். மூணாவது அறை ஒரு பெரிய சிறைக்கூடம். பிரனேசின்னு ஒரு இத்தாலியக்காரர், 18ஆம் நூற்றாண்டு, கற்பனைச் சிறைச்சாலைகள்னு ஒரு படவரிசையே செஞ்சிருக்கார். வளைவுகள், கயிறுகள், எங்க போகுதுன்னு தெரியாத படிக்கட்டுகள். நிலவறை சாகசத்துக்குன்னே ஆர்டர் கொடுத்து வாங்கின மாதிரி இருக்கும். ஒண்ணை எடுத்துப் போட்டுட்டேன். மேஜையில வெச்சதும் முதல் கேள்வி: "மேல ஒரு பாலம் இருக்கே, அதுக்கு எப்படிப் போறது?" நான் எழுதின அறையில பாலமே இல்ல. படத்துல இருக்குன்னு நான் கவனிக்கவே இல்ல. எழுதினவன் நான், ஆனா மேஜையில ஜெயிச்சது படம். பத்து நிமிஷம் உளறினேன்.

அதுக்கப்புறம் வேலையையே தலைகீழா மாத்தினேன். முதல்ல படம், அதை அரை மணி நேரம் பார்க்கிறது, அதுல என்ன இருக்கோ அதையே அறையா எழுதுறது. பாலத்துக்கு வழி எங்கேன்னு படத்துக்குள்ளேயே தேடினா, வலது பக்கம் ஒரு படிக்கட்டு தூணுக்குப் பின்னாடி போய் வேற உயரத்துல வெளிய வருது. எனக்கு அப்படி யோசிக்கவே வந்திருக்காது. இதுல ஒரு சுவாரசியம், பிரனேசியே தன் பழைய வேலையைத் திரும்ப எடுத்துப் போட்டவர். 1750 வாக்குல 14 படமா வந்ததை, 1761ல அதே செப்புத் தகடுகள் மேல இன்னும் கோடு போட்டு, இருட்டாக்கி, படிகளைக் கூட்டி, ரெண்டு புதுசும் சேர்த்து 16ஆ வெளியிட்டார். வெர்ஷன் 2.0.

இன்னொண்ணு குஸ்தாவ் டோரே. 1861ல தாந்தேவோட நரகத்துக்கு அவர் வரைஞ்ச படங்கள் இல்லாத இண்டி கேம் புத்தகத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும், அவ்வளவு பேர் எடுத்திருக்காங்க. அதுல தலையில்லாத ஒருத்தன் தன் தலையையே லாந்தர் மாதிரி கையில தூக்கிப் பிடிச்சுட்டு நிப்பான். சும்மா மான்ஸ்டர்னு போட்டா ஒரு சண்டையில முடிஞ்சுடும். ஆனா அவன் யாருன்னு பார்த்தா, பெர்ட்ரான் தெ போர்ன், ஒரு இளவரசனை அவன் அப்பாவுக்கு எதிராத் தூண்டி விட்டவன். ஒண்ணா இருந்ததைப் பிரிச்சான், அதனால அவனையும் ரெண்டாப் பிரிச்சாச்சு. அது தெரிஞ்ச பிறகு அந்தக் காவலாளிக்கு என் புத்தகத்துல ஒரு வேலை வந்தது. வர்றவங்க கிட்ட "நீ யாரைப் பிரிச்ச?"ன்னு கேட்பான், உண்மை சொன்னா வழி விடுவான். எங்க மேஜையிலேயே நல்ல காட்சி அதுதான். ஒருத்தன் விளையாட்டை மறந்துட்டு தன் சொந்தக் கதையைச் சொல்ல ஆரம்பிச்சுட்டான்.

இந்தப் படங்கள்ல பலதுல கீழ மூலையில ரெண்டு கையெழுத்து இருக்கும். ஒண்ணு டோரே, இன்னொண்ணு பிஸான் மாதிரி மரத்துல செதுக்கின கைவினைஞர். கிரெடிட் போடும்போது ரெண்டு பேரையும் போடுங்க. அப்புறம் டெக்னிக்கலா ஒண்ணே ஒண்ணு. செதுக்கு அச்சுப் படத்தைச் சுருக்காதீங்க. சாம்பல் நிறம்னு நாம பார்க்கிறது எல்லாம் நெருக்கமான கோடுகள்தான். பாதியாச் சுருக்கினா அந்தக் கோடுகளும் பிக்சலும் முட்டிக்கிட்டு, மேல அலை அலையா வேற ஒரு டிசைன் வந்துடும். சின்ன இடம்தான் இருக்குன்னா, படத்துல ஒரு பகுதியை அசல் அளவுலயே வெட்டிப் போடுங்க.

படத்தோட பழசுத்தன்மையே விளையாட்டுக்கு உதவுற இடமும் உண்டு. டிம் ஹட்சிங்ஸோட 'தவுசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர்' தனியா விளையாடுற ஆட்டம். உங்க ரத்தக்காட்டேரிக்கு அஞ்சு நினைவுக்குத்தான் இடம். அது நிறைஞ்சு புதுசு வந்தா, பழசு ஒண்ணை நீங்களே அடிச்சுடணும். அந்தப் புத்தகமே பழைய தாள்களை ஒட்டி வெச்ச ஸ்கிராப்புக் மாதிரி இருக்கும். யாரோ மறந்துபோன காகிதங்கள் நடுவுல நீங்க மறந்துட்டு இருப்பீங்க. அதுக்குப் புதுசா வரைஞ்சிருந்தா தோத்திருக்கும்.

இப்ப ஏழாவது அறைக்கு வர்றேன்.

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் உட்கார்ந்து படிச்சேன். லுடோவிகோ டி வார்த்தெமான்னு ஒரு இத்தாலியப் பயணி. அவர் எழுதின பயண நூல் 1510ல வந்தது. கோழிக்கோட்டு ராஜாவோட கோயில்ல ஒரு சாத்தான் விக்கிரகம் இருக்குன்னு எழுதுறார். போப்போட கிரீடம் மாதிரி கிரீடம், கொம்பு, பெரிய வாய், சேவல் கால், வாயில ஒரு ஆத்மா. அதோட ஜெர்மன் மொழிபெயர்ப்பு 1515ல ஆக்ஸ்பர்க் நகரத்துல அச்சாச்சு, படம் போட்டவர் யோர்க் பிராய். அவர் கோழிக்கோட்டுக்கு வந்தது கிடையாது. அவர் பார்த்ததெல்லாம் ஐரோப்பியத் தேவாலயங்கள்ல இருந்த நரகச் சாத்தான். அதையே எடுத்துக் கோழிக்கோட்டுல உட்கார வெச்சுட்டார். கோயில், விளக்கு, பூ எதுவும் இல்ல. எங்க பாஷையில சொன்னா, இன்புட் புரியலைன்னதும் டீஃபால்ட் வேல்யூ போட்டுட்டார். அப்புறம் இந்த உருவம் ஒரு புத்தகத்துல இருந்து இன்னொண்ணுக்குத் தாவிப் போயிட்டே இருந்திருக்கு. பார்த்த மித்தர்னு ஒரு கலை வரலாற்றாசிரியர் 1977ல, ஐரோப்பா நம்ம தெய்வங்களை எப்படி அரக்கர்களாப் பார்த்ததுன்னு ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கார்.

ஒரு படத்தைப் பல இடத்துல போடுறது அப்பவே சகஜம்தான். 1493ல வந்த நியூரெம்பர்க் வரலாற்று நூல்ல சுமார் 1,800 படம் இருக்கு, அச்சுக் கட்டைகளோ சுமார் 650தான். ஒரே முகம் பல ராஜாக்களுக்கு, ஒரே நகரம் பல ஊர்களுக்கு. நாங்க ஸ்டாக் ஆர்ட் வாங்கிப் பத்து புத்தகத்துல போடுறோமே, அதே கதை.

ஆனா அதே 1515ல, அதே ஜெர்மனியில, நியூரெம்பர்க்குல இன்னொரு படம் வந்தது. ஆல்பிரெக்ட் டியூரர் வரைஞ்ச காண்டாமிருகம். குஜராத் சுல்தான் கொடுத்த மிருகம், கோவா வழியா கப்பல்ல லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. டியூரர் அதை நேர்ல பார்க்கல. யாரோ அனுப்பின கடிதமும் ஒரு கோட்டுப்படமும்தான் அவருக்குக் கிடைச்சது. தோல் கவசம் மாதிரி இருக்குன்னு கேள்விப்பட்டு, நிஜக் கவசத் தகடா வரைஞ்சார். முதுகுல இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் வெச்சார். தப்புதான். ஆனா அந்தத் தப்புக்குள்ள, "சொல்லுங்க, எப்படி இருந்தது?"ன்னு ஒருத்தர் காது கொடுத்துக் கேட்டது தெரியுது. பிராய் கேட்கல. அவருக்கு முன்னாடியே விடை தெரியும்.

கேம் மாஸ்டர் சொல்லச் சொல்ல மனசுல வரைஞ்சுக்கிறதுதானே எங்க விளையாட்டே. டியூரர் மாதிரியும் வரையலாம், பிராய் மாதிரியும் வரையலாம். நான் ராத்திரி ஒரு மணிக்குப் பண்ணினது பிராய் வேலை. படத்துக்குக் கீழே தலைப்பு இருந்தது, அதை நான் படிக்கவே இல்ல.

நானா இருந்தா படத்தைத் தூக்கிட்டு வேற ஒண்ணு போட்டிருப்பேன். அந்தப் பொண்ணுதான் வேண்டாம்னா. "தூக்கினா யாருக்கும் தெரியாமப் போயிடும். அறையை மாத்து." அதனால இப்ப ஏழாவது அறையில இருக்கிறது விக்கிரகம் இல்ல, ஒரு சுவரோவியம். எப்பவோ வந்து பயந்து ஓடின ஒரு பயணி வரைஞ்சுட்டுப் போனது. படத்துக்குக் கீழேயே யார், எந்த ஊர், எந்த வருஷம், நேர்ல பார்க்காம வரைஞ்சதுன்னு அச்சடிக்கிறோம். கோயில் இருக்கிறது எட்டாவது அறையில. ஏழாவதை நம்பி வாளோட நுழையுறவங்களுக்கு ஒண்ணு நடக்கும், செருப்பைக் கழட்டிட்டு நுழையுறவங்களுக்கு வேற ஒண்ணு நடக்கும்.

எட்டாவது அறைக்குப் பழைய படம் எதுவும் உதவாது, அதனால ஒரு ஓவியர் கிட்டப் போனோம். ஏஐ கிட்டக் கேட்டிருக்கலாமேன்னு கமெண்ட்ல வரும், தெரியும். 2023ல ராட்சதர்கள் பத்தின டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகத்துல ஒரு ஓவியர் ஏஐயைக் கலந்தது தெரிய வந்து, இனிமே கூடாதுன்னு கம்பெனியே சொல்ல வேண்டி வந்தது. எனக்கு இருக்கிற பிரச்சினை அதைவிடச் சின்னது. பிராய் படத்துக்குக் கீழே ஒரு தலைப்பு இருந்ததாலதான் நாங்க திரும்பிப் போய் விசாரிக்க முடிஞ்சது. ஏஐ படத்துக்கு அப்படிப் போய் விசாரிக்க ஒரு இடம் கிடையாது.

அந்த ஓவியர் 6,000 ரூபாய் கேட்டாங்க, சரின்னோம். ஒப்பந்தத்துல ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க: ரெண்டாம் பதிப்புல இதே படத்தைப் போட்டா பாதித் தொகை திரும்பக் கொடுக்கணும். நான் கொஞ்சம் முழிச்சேன். அப்பத்தான் டேவிட் டிராம்பியர் ஞாபகம் வந்தது. 1978 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் அட்டையில, பெரிய சிலையோட கண்ணுல இருந்து ரெண்டு திருடங்க ரத்தினத்தை நெம்பி எடுப்பாங்களே, அதை வரைஞ்சவர். 1988ல ஒரு காமிக்ஸ் தொடரைப் பாதியில விட்டுட்டு மனுஷன் காணாமப் போயிட்டார். 2002ல ஒரு மாணவர் பத்திரிகையில டாக்ஸி டிரைவர்கள் பத்தின கட்டுரையில அவர் ஃபோட்டோ வந்துதான் எங்க இருக்கார்னே ரசிகர்களுக்குத் தெரிஞ்சது. இல்லினாய்ஸ் மாநிலத்துல கார்பண்டேல்ங்கிற ஊர்ல கார் ஓட்டிட்டு இருந்தார். 2012ல அந்தப் பழைய புத்தகத்தைப் படங்களோட அழகா மறுபதிப்பு போட்டாங்க. 2014ல அவர் இறந்துட்டார்.

அவருக்குப் போய்ச் சேர வேண்டியது சேர்ந்ததான்னு நான் பேச வரல. உரிமையை மொத்தமா எழுதிக் கொடுத்துட்டா, மறுபதிப்புக்குத் திரும்பக் காசு கொடுக்கணும்னு பொதுவா சட்டம் கேட்காது. 1983 சிவப்புப் பெட்டியில இருந்த லாரி எல்மோரோட டிராகன் 2010ல புது ஆட்டப் பெட்டி மேல அப்படியே திரும்ப வந்தது. மேஜிக் சீட்டுகளுக்கு வரைஞ்ச படங்கள் 2018ல ராவ்னிகா புத்தகத்துல நிறைய வந்தது. படத்தோட உரிமை கம்பெனி கிட்ட இருக்கு, போடுறாங்க. எங்க கம்பெனியில நான் எழுதின கோடும் அப்படித்தான், நான் வேலையை விட்டுப் போன பிறகும் ஓடும். ஆனா எனக்கு மாசச் சம்பளம் வந்துச்சே.

அந்த வரியைச் சேர்த்துட்டோம். 120 பிரதிதான் அடிக்கிறோம். ரெண்டாம் பதிப்பு வருமான்னே சந்தேகம்தான், வந்தா 3,000 ரூபாய்.

எங்க கதாபாத்திரங்கள் இன்னும் ஏழாவது அறை வாசல்லயேதான் நிக்குது, ஒரு மாசமா. வர்ற சனிக்கிழமை அங்கிருந்து தொடங்குறோம். வாளை உருவின பையன், உருவினதை ரத்து பண்ண முடியுமான்னு வாட்ஸ்அப்ல கேட்டுட்டு இருக்கான். முடியாதுன்னு சொல்லிட்டேன். என்ன ஆச்சுன்னு அடுத்த எபிசோட்ல சொல்றேன், வரட்டா.